மெட்டாமாஸ்க் பிரவுசர் வாலட்: போடுவது சுலபம், பன்னிரண்டு வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் வேலை

எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வாலட், அதாவது காயின்களின் சாவியை வைத்திருக்கும் மென்பொருள், மெட்டாமாஸ்க்தான். 2016-ல் கன்சென்சிஸ் நிறுவனத்திலிருந்து வந்தது, குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ் எதில் வேண்டுமானாலும் எக்ஸ்டென்ஷனாகப் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது, ஆதார் பான் எதுவும் கேட்காது. நான் லாஸ்பேட்டையில் வெப் டெவலப்பராக இருக்கிறேன், வேலைக்கும் இதுதான், சேமிப்பில் ஒதுக்கியிருக்கும் ஒரு சின்னத் தொகைக்கும் இதுதான். புதுச்சேரியிலும் கடலூரிலும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நிறைய பேருக்கு உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், இதில் காசு பறிபோவது பெரும்பாலும் வாலட்டின் கோளாறால் இல்லை. வாலட்டின் சாவியான பன்னிரண்டு வார்த்தை யார் கைக்கோ போய்விடும், இல்லையென்றால் திரையில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கன்ஃபர்ம் அழுத்தியிருப்பார்கள். இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

2024 ஜூலையில், காயின் வாங்கி விற்கும் வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போனபிறகு, நம் காயினை நாமே வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு வந்தது. நியாயமான எண்ணம்தான். எக்ஸ்சேஞ்சில் இருக்கும்போது சாவி அவர்களிடம், மெட்டாமாஸ்க்கில் சாவி நம்மிடம். அதனால் கஸ்டமர் கேர் என்று ஒன்று இங்கே கிடையாது, மறந்துவிட்டேன் என்று போன் போட்டால் ஓடிபி அனுப்பித் திருப்பித் தர யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் எக்ஸ்சேஞ்சிலேயே இருப்பது தப்பில்லை.

சரி, போடுவது எப்படி. கூகுளில் தேடாதீர்கள். தேடினால் மேலே விளம்பரமாக வருவது போலித் தளமாக இருக்கலாம், எழுத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கும், பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். மெட்டாமாஸ்க் டாட் ஐஓ என்று முகவரிப் பட்டியில் நீங்களே டைப் செய்து, அங்கிருந்து டவுன்லோட் பட்டன் வழியாக பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் ஸ்டோருக்குப் போங்கள். குரோம் ஸ்டோரில் இதற்கு ஒரு கோடி பயனர்கள் காட்டும், சில நூறு பேர் மட்டும் காட்டினால் அது வேறு ஏதோ. அப்புறம் இதற்கென்று பிரவுசரில் தனியாக ஒரு புரொஃபைல் திறந்துகொள்ளுங்கள். கூப்பன் எக்ஸ்டென்ஷன், வீடியோ டவுன்லோடர், ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என்று கண்டதும் இருக்கிற புரொஃபைலில் வாலட்டையும் போடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் பல எக்ஸ்டென்ஷன்களுக்கு நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருக்கிறது. ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் கண்டிப்பாக வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் ஏறியதும் புது வாலட் உருவாக்கு என்று வரும். கூகுள், ஆப்பிள் கணக்கு வழியாக ஆரம்பிக்கும் வசதியும் 2025-ல் வந்துவிட்டது. நான் பழைய வழியையே விரும்புகிறேன், சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பாஸ்வேர்டு ஒன்று கேட்கும். இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். இந்தப் பாஸ்வேர்டு இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸ்டென்ஷனைத் திறக்க மட்டும்தான். அடுத்த திரையில் வரும் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள்தான் உண்மையான சாவி. பாஸ்வேர்டு மறந்தால் வார்த்தைகளை வைத்து மீட்கலாம், வார்த்தைகள் தொலைந்து கம்ப்யூட்டரும் போய்விட்டால் மீட்க வழியே இல்லை. வார்த்தைகள் வேறொருவர் கைக்குப் போனால் அவருக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவைப்படாது, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அள்ளிக்கொண்டு போவார்.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமாவுக்குப் போட்டுக் கொடுக்கும்போது அவர் கேட்டார், "மாப்பிள்ளை, இதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி வெச்சுக்கிட்டா போதாதா?" வேண்டாம் மாமா என்று போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். போட்டோ எடுத்த நொடியே அது கேலரியில் இருக்கும், கேலரி கூகுள் போட்டோஸுக்குப் போகும், மெயில் கணக்கு ஒன்று களவு போனால் எல்லாம் போச்சு. கேலரியில் இருக்கும் படங்களுக்குள் இப்படிப்பட்ட வார்த்தைகளைத் தேடிப் படிக்கும் வைரஸ் ஆப்களே வந்துவிட்டன. ஜிமெயில் டிராஃப்ட், நோட்ஸ் ஆப், எக்செல் ஷீட், டெலிகிராம் சேவ்டு மெசேஜ், எதுவும் கூடாது. இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம், முக்கியமான காகிதம் என்றால் உடனே ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு காப்பி போட்டு லேமினேட் செய்துவிடுவோம். இதற்கு அது கூடவே கூடாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த மெஷினில் ஒரு காப்பி தங்கினால் போதும். கையால் எழுதுங்கள், வரிசை எண் போட்டு எழுதுங்கள், வரிசை மாறினால் வாலட் திறக்காது.

காகிதம் மட்டும் போதுமா என்றால், நம் ஊருக்குப் போதாது. இதை அழுத்தியே சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் என்ன செய்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூரில் பல பகுதிகள் மூழ்கின. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் கூழாகிப்போன வீடுகள் இங்கே எத்தனையோ. ஜெல் பேனாவில் எழுதியது தண்ணீர் பட்டால் நிற்காது. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வங்கக் கடலோரத்தில் வீடு இருப்பவருக்கு அந்த ஒரு வரி பத்தாது.

நான் செய்திருப்பது ஸ்டீல் தகடு. பாத்திரக் கடையில் தட்டு டம்ளரில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி மழை வெள்ளம் எதற்கும் அழியாது. அதற்காகப் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், அவர் பார்த்துவிடுவார். ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும், இல்லையென்றால் சின்ன எங்ரேவிங் பேனா கிடைக்கும், அதை வாங்கி வீட்டிலேயே நீங்களே வெட்டுங்கள். முழு வார்த்தையும் தேவையில்லை. இந்த வார்த்தைகள் எல்லாம் 2048 வார்த்தைகள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன, அந்தப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தை வைத்தே எந்த வார்த்தை என்று சொல்லிவிடலாம். ஆக மொத்தம் அதிகபட்சம் 48 எழுத்துதான், ஒரு மத்தியானம் போதும். ஒரு தகடு வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் உறையில் போட்டு ஒட்டி. வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ தகடு எங்கே இருக்கிறது, எதற்கு என்று தெரிந்திருக்கட்டும், உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் யாருக்கும் இல்லாமல் போய்விடக் கூடாது.

வாலட் தயாரானதும் ஜீரோ எக்ஸ் என்று தொடங்கும் 42 எழுத்து முகவரி வரும். இதை யாருக்கும் கொடுக்கலாம், ஆபத்தில்லை. கொடுத்தால் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பும்போது எந்த நெட்வொர்க் என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், முதலில் மிகச் சின்னத் தொகை அனுப்பி வந்துசேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இன்னொரு இடம் கேஸ் கட்டணம், அதாவது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நெட்வொர்க் எடுக்கும் கட்டணம். வாலட்டில் டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி காயின் நிறைய இருக்கும், அனுப்பப் போனால் அனுப்ப முடியாமல் போகலாம், ஏனென்றால் எத்தீரியம் நெட்வொர்க்கில் கட்டணம் அதன் சொந்தக் காயினான ஈத்தரில்தான், பாலிகான் என்ற இன்னொரு நெட்வொர்க்கில் அதன் காயினான பிஓஎல்லில்தான். கொஞ்சம் ஈத்தர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் பாலிகான் மாதிரி நெட்வொர்க்கில் கட்டணம் பைசாக் கணக்கில்தான் வரும்.

இனி இரண்டாவது ஆபத்து, கன்ஃபர்ம் பட்டன். ஒரு தளத்தில் வாலட்டை இணைப்பது வெறும் முகவரியைக் காட்டுவது, அதனால் காசு போகாது. அப்ரூவ் என்பது வேறு. அது உங்கள் டோக்கனை (காயினை) இத்தனை வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஒப்பந்தத்துக்கு, அதாவது நெட்வொர்க்கில் தானே இயங்கும் ஒரு புரோகிராமுக்கு, கொடுக்கும் அனுமதி. பல தளங்கள் வரம்பே இல்லாமல் கேட்கும். மெட்டாமாஸ்க்கில் அந்த வரம்பை அங்கேயே மாற்றலாம், நூறு யுஎஸ்டிசி மாற்றப்போகிறீர்கள் என்றால் நூறு என்று போடுங்கள். தளத்தை டிஸ்கனெக்ட் செய்தால் அனுமதி ரத்தாகாது, இது நிறைய பேருக்குத் தெரியவில்லை. ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ, எத்தீரியம் பரிமாற்றங்களைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்திலோ போய்ப் பழைய அனுமதிகளைப் பார்த்துத் தனித்தனியாக ரத்து செய்ய வேண்டும், அதற்கும் சின்னக் கட்டணம் உண்டு. இதைவிட மோசமானது சிக்னேச்சர் கேட்பது. கட்டணமே இல்லை, வெறும் கையெழுத்துதானே என்று அழுத்துவார்கள், பர்மிட் வகை, அதாவது டோக்கனை எடுக்க அனுமதி தரும் கையெழுத்தாக இருந்தால் அதை வைத்தே டோக்கனை எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில் மெட்டாமாஸ்க் மீது எனக்கு உண்மையான குறை இருக்கிறது. சந்தேகமான தளமென்றால் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது, உங்கள் கணக்கிலிருந்து எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டுகிறது, அதற்கெல்லாம் பாராட்டு. இருந்தும் பல ஒப்பந்தங்களுக்கு வரும் திரை, புரோகிராம் எழுதுகிற எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியதாக இருக்கிறது, என் மாமா அதை எப்படிப் படிப்பார்? புரியாத திரைக்கு ரிஜெக்ட் அழுத்தச் சொல்லியிருக்கிறேன். ரிஜெக்ட் அழுத்தினால் எதுவும் போகாது. ஒரு காயினை இன்னொன்றாக மாற்ற உள்ளேயே இருக்கும் ஸ்வாப் வசதிக்கு 0.875 சதவீதம் கட்டணம் எடுக்கிறார்கள், சின்னத் தொகைக்குப் பரவாயில்லை, பெரிய தொகைக்கு வெளியே விலை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வருகிற பதிப்புகளில் வாங்கு, ஸ்வாப் செய், இதைப் பார் என்று பட்டன்கள் கூடிக்கொண்டே போவதும் எனக்கு உடன்பாடில்லை, சாவி வைத்திருக்கும் இடம் அமைதியாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் ஆட்டோ லாக்கை ஐந்து நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.

மோசடிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். டெலிகிராமில் ஏதாவது சந்தேகம் கேட்டால் உடனே சப்போர்ட் என்ற பெயரில் ஒருவர் தனி மெசேஜில் வருவார், வாலட்டைச் சரிபார்க்க வேண்டும், இந்த ஃபார்மில் பன்னிரண்டு வார்த்தையைப் போடுங்கள் என்பார். மெட்டாமாஸ்க் ஆட்கள் யாரும் அதைக் கேட்கவே மாட்டார்கள், பேசாமல் பிளாக் செய்யுங்கள். இரண்டாவது, உங்கள் பரிமாற்றப் பட்டியலில் தெரியாத முகவரியிலிருந்து ஒரு சின்னத் தொகை வந்திருக்கும், அந்த முகவரியின் முதல் நான்கும் கடைசி நான்கும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரி மாதிரியே இருக்கும், அவசரத்தில் அதைக் காப்பி செய்து அனுப்பிவிட வேண்டும் என்பதற்காகவே அனுப்பியிருப்பார்கள். அடிக்கடி அனுப்பும் முகவரிகளை காண்டாக்ட்ஸில் சேமித்து அங்கிருந்தே எடுங்கள். மூன்றாவது, யாரோ ஒருவர் தன் பன்னிரண்டு வார்த்தையையே உங்களுக்குக் கொடுத்து, உள்ளே யுஎஸ்டிடி காயின் இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை, உதவி செய்யுங்கள் என்பார். கட்டணத்துக்காக நீங்கள் ஈத்தர் போட்ட நொடியே தானாக ஓடும் ஒரு பாட் புரோகிராம் அதை எடுத்துக்கொண்டு போகும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து, சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதியுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தைகள் வெளியே போனது தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, புது வார்த்தைகளோடு புது வாலட் உருவாக்கி மிச்சத்தை அங்கே மாற்றுங்கள்.

வரி விஷயம், சுருக்கமாக. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம், செஸ் தனி, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. காயினுக்குக் காயின் மாற்றுவதும் கணக்கில் வரும். எக்ஸ்சேஞ்ச் மாதிரி மெட்டாமாஸ்க் உங்களுக்கு வரி ஸ்டேட்மென்ட் தயாரித்துத் தராது, ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதியும் அன்றைய ரூபாய் மதிப்பும் நீங்களே குறித்துவைத்தால் ஆடிட்டருக்கு வேலை சுலபம்.

பெரிய தொகை வைத்திருப்பவர்கள் பிரவுசர் வாலட்டை மட்டும் நம்பக் கூடாது. லெட்ஜர், ட்ரெசர் மாதிரி ஹார்டுவேர் வாலட்டை மெட்டாமாஸ்க்கோடு இணைத்துப் பயன்படுத்தலாம், சாவி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியை எடுக்க முடியாது. அதை நேரடியாக நிறுவனத்தின் தளத்திலோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோதான் வாங்க வேண்டும், செகண்ட் ஹேண்ட் வேண்டாம். பெட்டிக்குள் ஏற்கெனவே எழுதிய வார்த்தைகளோடு ஒரு அட்டை இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் மெட்டாமாஸ்க்குக்குத் தருகிறேன், குறைத்த ஒன்று அந்தக் கன்ஃபர்ம் திரைக்காக.