யாரினாகோச்சா ஏரிக்கரையில் அயவாஸ்கா: ஒரு மருந்தாளுநரின் மதிப்புரை

பெரு நாட்டில் அமேசான் காட்டுப் பக்கம் புகால்பா என்று ஒரு நகரம். லிமாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் யாரினாகோச்சா ஏரி; உக்காயாலி ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன பழைய வளைவு அது. அந்தக் கரையில் ஷிபிபோ-கொனிபோ என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் ஒன்று நடத்தும் சின்ன வைத்திய மையத்தில் தங்கி, காட்சிகளை வரவழைக்கும் மூலிகைக் கஷாயமான அயவாஸ்காவைக் குடிக்கும் சடங்குகளில் கலந்துகொண்டேன். மையத்தின் பெயரைப் போடப்போவதில்லை. சொல்ல வேண்டிய குறைகளும் இருக்கின்றன. அந்தக் குடும்பம் என்னை அன்பாகவும் வைத்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தைத் தேடுகிறவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

டொராண்டோவில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். அம்மா போன பிறகு தூக்கம் கெட்டுப்போனது, நெஞ்சில் ஒரு இறுக்கம் தங்கிவிட்டது. அதற்காகத்தான் போனேன்.

முன்பதிவுப் படிவத்திலேயே இந்த இடத்தின் தரம் தெரிந்துவிட்டது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அனுப்பிய கொஞ்ச நாளில் ஒரு நர்ஸ் வீடியோவில் அழைத்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கிறதா, வலிக்கு டிராமடால் உண்டா, இரத்த உறவில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உண்டா என்பது வரை போனது.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. அயவாஸ்கா என்பது ஒரு கொடியையும் சக்ரூனா என்ற செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்க வைத்த கஷாயம். காட்சிகளை வரவழைப்பது இலையில் இருக்கும் டிஎம்டி என்ற பொருள். அதை மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின் போன்ற பொருட்கள் அந்த நொதியைத் தடுக்கின்றன, அதனால்தான் இலை வேலை செய்கிறது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்பதை அந்தக் காட்டு மக்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்புதான்.

ஆனால் அதே தடுப்பால்தான் மனச்சோர்வு மாத்திரைகளோடு இது சேரும்போது ஆபத்தாகிறது. உடம்பில் செரோட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் எக்கச்சக்கமாக ஏறி, காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு என்று போய் உயிருக்கே கேடு வரலாம். என்னோடு பதிவு செய்திருந்த ஒருவர் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தார். உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஐந்து வாரமாவது இடைவெளி வேண்டும். மையத்தில் அவருடைய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்" என்று சொன்னார்களாம். இதற்கு மட்டும் முழு மதிப்பெண் தருவேன். மாத்திரை பற்றிக் கேட்காமல் காசை வாங்கிக்கொள்ளும் இடம் எதுவானாலும், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், போகாதீர்கள்.

தங்குமிடம் எளிமையானது: பலகை வீடு, கொசுவலை, சூரிய ஒளி விளக்கு. சாப்பாடு பத்தியம்தான். உப்பு, சர்க்கரை, மிளகாய், பன்றி இறைச்சி, மது, உடலுறவு எதுவும் கூடாது. அவித்த வாழைக்காய், உப்பில்லாத சோறு, ஆற்று மீன். பாட்டி கையால் பத்தியச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உடனிருந்த ஐரோப்பியர்கள்தான் திணறினார்கள்.

சரி, இரவுக்கு வருகிறேன். மலோக்கா என்பது ஓலை வேய்ந்த பெரிய வட்டக் கூடம். ஆளுக்கொரு மெத்தை, ஒரு வாளி. இருட்டிய பிறகு தொடங்குவார்கள். வைத்தியம் செய்யும் மூதாட்டியை எல்லோரும் மாயெஸ்த்ரா என்றே அழைத்தோம். அவர் மபாச்சோ என்ற காட்டுப் புகையிலையின் புகையைக் கோப்பைக்குள் ஊதிவிட்டுக் கொடுப்பார். கெட்டியான, நாக்கைச் சுருட்டும் கசப்பு. முக்கால் மணி நேரத்துக்குள் வயிறு புரளும். பெரும்பாலும் வாந்தி வரும். அங்கே அதைச் சிகிச்சையின் பாதியாகவே பார்க்கிறார்கள்.

நான் கண்ட காட்சிகளை இங்கே எழுதவில்லை, அவை எனக்கு மட்டும் பொருள்படுபவை. எழுத வேண்டியது பாட்டைப் பற்றி. இகாரோ என்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு, மாயெஸ்த்ரா ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து அவரவருக்கென்று தனியாகப் பாடுகிறார். வயதான பெண்ணின் தொண்டையிலிருந்து அவ்வளவு உச்சத்தில், அவ்வளவு மெல்லியதாகக் குரல் எழும் என்று நான் நினைக்கவே இல்லை. சொற்கள் எனக்குப் புரியாது. ஆனால் இறுகிக் கிடந்த இடத்தைத் தேடி அந்தக் குரல் வந்து நின்றது. அம்மாவுக்காக அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அழுது முடிகிற வரை அவர் பாட்டை நிறுத்தவில்லை.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசியபோது அவர் சொன்னது: முன்பெல்லாம் நோயாளிக்குக் கஷாயம் கொடுக்க வேண்டியதில்லை, வைத்தியர் குடித்து, நோயைப் பார்த்து, பாட்டால் சரிசெய்வார். வெளிநாட்டவர் வந்த பிறகுதான் எல்லோரும் குடிக்கிறார்களாம். அதனால், போகிறவர்கள் கஷாயம் எவ்வளவு வீரியம் என்று விசாரிப்பதை விட, பாடுகிறவர் யார், யாரிடம் கற்றார், எத்தனை வருஷம் பத்தியமிருந்து கற்றார் என்று விசாரியுங்கள். பெண்கள் இன்னொன்றும் கேளுங்கள்: இரவில் உடனிருக்கப் பெண் வைத்தியரோ பெண் உதவியாளரோ உண்டா? சடங்குகளில் பாலியல் அத்துமீறல்கள் நடந்ததாகப் பல இடங்களிலிருந்து புகார்கள் வந்திருக்கின்றன. நான் போன இடத்தில் கழிப்பறைக்குப் போனால்கூட ஒரு பெண் விளக்கோடு துணைக்கு வந்தார்.

இந்த மக்களுக்கும் வெளியாட்களால் பட்ட காயம் உண்டு. 2018 ஏப்ரலில் யாரினாகோச்சா பகுதியில் ஒலிவியா அரெவலோ என்ற மூத்த ஷிபிபோ வைத்தியர் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகத்துக்குள்ளான கனடாக்காரர் ஒருவரை ஊர்க்காரர்கள் கொன்றுவிட்டார்கள். கனடாவிலிருந்து வருகிறேன் என்று அங்கே சொல்லும்போது எனக்குக் குரல் தாழ்ந்தது.

இனி குறைகள். தனிக் கட்டணத்தில் கம்போவும் செய்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். தோலில் சுட்டு, அந்தப் புள்ளியில் தவளையின் சுரப்பைத் தடவும் முறை அது. ஷிபிபோ வைத்தியமே இல்லை, மாட்செஸ் போன்ற வேறு மக்களுடையது. அதற்கு முன்னால் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வைக்கிறார்கள். இரத்தத்தில் சோடியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் மறுத்துவிட்டேன். நல்ல வைத்தியர் இருக்கும் இடத்தில் இது எதற்கு என்று வருத்தமாக இருந்தது.

அடுத்தது, ஊர் திரும்பிய பிறகு எவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மனதைக் கிளறிவிட்ட பிறகு வரும் வாரங்களில்தான் பேச ஆள் வேண்டும். வரும்முன் அழைத்த அந்த நர்ஸே திரும்பிப் போனதும் ஒருமுறை அழைத்திருக்கலாம். நான் இங்கேயே ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்துக்கொண்டேன். தூக்கம் இப்போது பரவாயில்லை. எது எவ்வளவு காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரேசிலின் நத்தால் நகரில் மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 29 பேரிடம் சோதித்தபோது, ஒரே ஒரு கோப்பை குடித்தவர்களுக்கு ஏழாம் நாளில், போலிக் கஷாயம் குடித்தவர்களை விட நன்றாக இருந்தது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் சின்ன சோதனை, மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது.

புறப்படும்போது யாராவது பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெருவில் பழங்குடி மக்களின் அயவாஸ்கா மரபு 2008 முதல் தேசியப் பண்பாட்டுச் சொத்து. டிஎம்டியோ இந்தியாவிலும் கனடாவிலும் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். விமான நிலையத்தில் மாட்டினால் யாரும் காப்பாற்ற முடியாது. கொண்டுவர ஆசைப்பட்டால் கெனே எனப்படும் ஷிபிபோ மரபுக் கோலங்கள் தைத்த துணியை வாங்குங்கள். படகுத் துறை இருக்கும் புவெர்ட்டோ கல்யாவோவில் ஷிபிபோ பெண்களே விற்கிறார்கள். மையத்துக் கடையை விட அங்கே விலையும் குறைவு, காசும் தைத்தவர் கைக்கே போகிறது.