வேர்முடிச்சா, மண் டி.என்.ஏ.வா: வயலில் எதை நம்பலாம்?

விதையோடு கலந்து இட்ட ரைசோபியம் (பயறுவகைச் செடிகளின் வேரில் முடிச்சு போட்டு, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) சில வருடம் கழித்தும் அந்த நிலத்தில் இருக்கிறதா? இதற்குப் பலரும் முதலில் எடுப்பது, எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைத்தான். செலவு குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கத் தரவும் ஏராளம். ஆனால் அதை மட்டும் நம்பினால் தப்பான முடிவுக்கு வந்துவிடலாம்.

நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் நடந்ததைப் பாருங்கள். லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கு ஏற்ற ரைசோபியமே இல்லாத நிலம். ஒரே ஒரு வகையை இட்டு விதைத்தார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின் முடிச்சுகளுக்குள் பலவகைப் பாக்டீரியாக்கள்! குரோமோசோம் ஆளுக்கொரு மாதிரி இருந்தது. முடிச்சு போடும் மரபணுக்கள் மட்டும் முதலில் இட்ட வகையினுடையவை. சுமார் 5 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) நீளமுள்ள ஒரு மரபணுத் தொகுப்பு, மண்ணில் ஏற்கெனவே இருந்த உறவுக்காரப் பாக்டீரியாக்களுக்குத் தாவியிருந்தது. சல்லிவன், ரான்சன் குழுவினர் இந்தத் தாவலை 1995இலும், தொகுப்பின் நீளத்தை 1998இலும் வெளியிட்டார்கள். தாவிய தொகுப்பில் 16எஸ் இல்லை. அதை மட்டும் பார்த்திருந்தால், இட்டது அழிந்து வேறேதோ குடியேறிவிட்டது என்றே எழுதியிருப்போம்.

அதனால் இந்தக் கேள்விக்கு நான் முடிச்சிலிருந்தே தொடங்குவேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் (நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடப்பதன் அடையாளம்) முடிச்சுகளாகப் பார்த்து எடுத்து, மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, நசுக்கி, பாக்டீரியா வளர்க்கும் ஈஸ்ட்-மானிட்டால் அகார் தட்டில் கோடுகளாக இழுக்க வேண்டும். வளரும் ஒவ்வொன்றுக்கும் பாக்ஸ்-பி.சி.ஆர். கைரேகை (டி.என்.ஏ.வைப் பெருக்கி, வகைக்கு வகை மாறும் பட்டை வடிவத்தைப் பார்ப்பது), கூடவே முடிச்சு போட உதவும் நாட்-சி மரபணுவின் வரிசை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தாவல் கண்ணுக்குத் தெரியும். வேலை அதிகம்தான். தட்டில் வளராதவையும், முடிச்சு போடாமலே நைட்ரஜன் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர் போன்றவையும் இதில் விட்டுப்போகும்.

அவற்றுக்கு மண்ணிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து நைட்ரஜன் பிடிக்கும் நொதிக்கான நிஃப்-எச் மரபணுவைப் படிப்பது நல்லது. மண்ணின் மட்கில் உள்ள ஹியூமிக் அமிலம் பி.சி.ஆரைக் கெடுக்கும், அதை முதலில் நீக்க வேண்டும். பெரிய சிக்கல் வேறு: செத்த செல்லின் டி.என்.ஏ.வும் இதில் சேர்ந்தே வரும். அப்புறம், அம்மோனியம் நிறைந்த மண்ணில் மரபணு இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கலாம். அந்த மரபணு வேலை செய்யும்போது உருவாகும் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்தால் நிலவரம் ஓரளவு தெரியும். ஆனால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். மாதிரியை வயலிலேயே உறைய வைக்க வசதி இல்லையென்றால் அதில் இறங்கவே வேண்டாம்.

எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமா? மேலே சொன்ன எதுவும் போதாது. அதே செடியில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்) அளவீடும் செய்தாக வேண்டும்.