நான்கு லேண்ட்லைன், ஒரு எஃப்எக்ஸ்ஓ கேட்வே: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோவைக்கு அருகிலுள்ள ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தொலைபேசி அமைப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. 2018இல் அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான பழைய இபிஏபிஎக்ஸை எடுத்துவிட்டு, அதே வேலையை கணினி நெட்வொர்க் வழியே செய்யும் ஐபி பிபிஎக்ஸுக்கு மாறினோம். வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய நான்கு லேண்ட்லைன் எண்களை விட மனமில்லாததால், செம்புக் கம்பியில் வரும் குரலைப் பாக்கெட்டுகளாக்கி உள் நெட்வொர்க்கில் அனுப்பும் நான்கு போர்ட் எஃப்எக்ஸ்ஓ கேட்வே ஒன்றையும் வாங்கினோம்.

முதல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நான்கு போர்ட் விளக்குகளும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் யாரும் போனில் பேசவில்லை. ஆனால் வெளியிலிருந்து அழைத்த அனைவருக்கும் எங்கேஜ்டு டோன்தான் கேட்டது. பஞ்சு லோடுடன் வந்த லாரி ஓட்டுநர் அரை மணி நேரம் முயன்றுவிட்டு, கேட்டிலிருந்து நடந்தே உள்ளே வந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அனலாக் லைனில் எதிர்முனையில் இருப்பவர் ரிசீவரை வைத்துவிட்டால், எக்ஸ்சேஞ்சிலிருந்து பெரும்பாலும் எங்கேஜ்டு டோன் மட்டுமே வரும். அதை கேட்வே அடையாளம் கண்டு லைனை விடுவிக்க வேண்டும். எங்கள் கருவியோ 480, 620 ஹெர்ட்ஸ் இணைந்து அரை விநாடி ஒலித்து அரை விநாடி நிற்கும் அமெரிக்க டோனுக்கு அமைக்கப்பட்டு வந்திருந்தது. நம் நாட்டு டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும். அந்த மதிப்புகளைக் கொடுத்த பிறகு லைன் சிக்கிக்கொள்வது நின்றது. எக்ஸ்சேஞ்சில் கேட்டு, அழைப்பு முடிந்ததை லைனின் மின்முனைகளை மாற்றித் தெரிவிக்கும் போலாரிட்டி ரிவர்சல் வசதி பெற முடிந்தால் அதுவே இன்னும் நம்பகமானது என்பது என் கருத்து. இரண்டு லைன்களுக்கு அது கிடைத்தது.

எதிரொலித் தொல்லை, கேட்வேயின் இம்பிடன்ஸ் (மின்மறிப்பு) அமைப்பை 600 ஓமிலிருந்து நம் லைனுக்குப் பொருந்தும் மதிப்புக்கு மாற்றியதும் பெருமளவு குறைந்தது.

நெட்வொர்க் வேகம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் வீதம் அனுப்பும்போது பாக்கெட்டின் முகவரி விவரங்களான தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். நான்கு அழைப்புகளும் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒரு திசையில் அரை மெகாபிட்டைத் தாண்டாது. இருந்தும் குரல் விட்டுவிட்டு வந்தது, ஏனெனில் சிசிடிவி கேமராக்களும் அதே சுவிட்சில் இருந்தன. குரலுக்கு விலான் எனப்படும் தனி நெட்வொர்க் பிரிவை ஒதுக்கி, பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியீடு கொடுத்த பிறகே பேச்சு சீரானது.

அதிகம் இழந்தது மின்னலிடம்தான். ஐப்பசி மழையில் ஒரே இரவில் இரண்டு போர்ட்கள் எரிந்துபோயின. கருவியை மட்டும் மாற்றினால் போதாது என்று நிர்வாகத்திடம் வற்புறுத்தி, வெளி லைன்கள் வந்து சேரும் எம்டிஎஃப் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும், மின்னல் அதிர்வை நிலத்துக்குத் திருப்பும் வாயுக் குழாய் அரெஸ்டர் பொருத்தி, தனி எர்த் பிட்டும் தோண்டச் செய்தேன். அதன்பின் எந்த போர்ட்டும் எரியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அந்த எர்த் பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.