இடம் மாறாத போலி முகடு: நிறமாலைப் பகுப்பாய்வில் ஐந்து ஆண்டு அனுபவம்

ஐந்து ஆண்டுகளாக ஒரு 16 பிட் தரவுச் சேகரிப்புக் கருவியைக் கொண்டு பெருக்கிகளின் இரைச்சலை ஆராய்ந்து வருகிறேன். அதன் எஃப்எஃப்டி மென்பொருள் (குறிகையை அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் முகடுகளாகக் காட்டுவது) எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் உள்ளீட்டில் ஏலியாசிங் தடுப்பு வடிகட்டி இல்லை என்பதன் பொருளை உணர ஓராண்டு பிடித்தது. மாதிரி வீதத்தின் பாதியைத் தாண்டிய அதிர்வெண் தாழ்ந்த இடத்தில் போலி முகடாகத் தெரிவதே ஏலியாசிங்.

வினாடிக்கு 50,000 மாதிரிகள் எடுத்தபோது 15 கிலோஹெர்ட்ஸில் கூரிய முகடு ஒன்று தெரிந்தது. மாதிரி வீதத்தை மாற்றினால் உண்மையான முகடு அசையாது, போலி நகரும் என்ற பழகிய விதிப்படி வீதத்தை 40,000 ஆகக் குறைத்தேன். முகடு அங்கேயே நின்றது. பெருக்கிதான் அலைவுறுகிறது என்று முடிவுசெய்து, அதன் பின்னூட்டச் சுற்றை இரண்டு வாரங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேறொரு தேவைக்காக 48,000 மாதிரிகளுக்கு மாறிய நாளில்தான் அது 17 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவியது. அருகிலிருந்த ஸ்விட்ச்-மோட் மின்வழங்கி (மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடி இயங்குவது) 65 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. போலி முகடு, மாதிரி வீதத்தின் மிக அருகிலுள்ள மடங்கிலிருந்து உண்மை அதிர்வெண் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த இடத்தில் தெரியும். 65இலிருந்து 50ஐக் கழித்தாலும் 15, 40இன் இருமடங்கான 80இலிருந்து 65ஐக் கழித்தாலும் 15. எனவே இப்போது எளிய விகிதத்தில் அமையாத மூன்று வீதங்களிலாவது பார்க்காமல் எந்த முகட்டையும் நம்புவதில்லை. உள்ளீட்டு அதிர்வெண்ணை உயர்த்தும்போது முகடு கீழிறங்கினால் அது போலி என்பது உறுதி. மேலேறுவது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது, ஏனெனில் 50,000 மாதிரிகளில் இந்தப் போலியும் மேலேறியிருக்கும்.

மாதிரியெடுத்த பின் எந்தச் சாளரச் சார்பும் (எஃப்எஃப்டிக்கு முன் பதிவின் மாதிரிகளுக்கு எடை கொடுக்கும் வளைவு) போலியை நீக்காது. 20 கிலோஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண் கொண்ட ஒற்றை ஆர்சி வடிகட்டி (ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும்) 65 கிலோஹெர்ட்ஸை ஏறத்தாழ 10.6 டெசிபல் மட்டுமே தணித்தது. அதே வெட்டு அதிர்வெண்ணில், இன்னும் செங்குத்தாகத் தணிக்கும் நான்காம் வரிசை பட்டர்வொர்த் வடிகட்டியை முன்னால் வைத்த பிறகு தணிப்பு 41 டெசிபலை எட்டியது.

சாளரத் தேர்வு அதற்குப் பிந்தைய கேள்வி. அன்றாட ஆய்வுக்கு ஹான் சாளரத்தையே வைத்திருக்கிறேன். ஆயினும் அதிர்வெண் எஃப்எஃப்டி கணக்கிடும் இரு அதிர்வெண் புள்ளிகளின் நடுவே விழுந்தால் அது 1.42 டெசிபல் வரை, அதாவது வீச்சில் சுமார் 15 விழுக்காடு, குறைத்துக் காட்டும். ஆகவே அளவுத்திருத்தத்தின்போது, வீச்சைச் சரியாகக் காட்டும் ஃபிளாட்-டாப் சாளரத்துக்கு மாறுகிறேன். அதன் அகன்ற முகடு நெருங்கிய இரு அதிர்வெண்களை ஒன்றாக்கிவிடும் என்பதால் வேறெங்கும் அதைப் பயன்படுத்துவதில்லை. வலிய முகட்டிலிருந்து சற்றுத் தள்ளி மறைந்திருக்கும் மெல்லிய முகட்டைத் தேடும்போது, பக்கக் கசிவை (முகட்டின் இருபுறமும் பரவும் போலி ஆற்றலை) முகட்டைவிட 92 டெசிபல் கீழே வைக்கும் நான்கு உறுப்பு பிளாக்மன்-ஹாரிஸ் சாளரம் உதவுகிறது. பதிவுக்குள்ளேயே தொடங்கி முழுதும் அடங்கிவிடும் ஒரு தட்டலின் அதிர்வுக்கு மட்டும் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே எடை தரும் செவ்வகச் சாளரமே சரி. பதிவின் முனைகளைச் சுழியாக்கும் ஹான், பதிவின் தொடக்கத்தருகே வரும் தட்டலின் தொடக்கத்தையே அழித்துவிடும்.