கையடக்க நிறமாலைகாட்டி: ஒரு வாத்தியாரின் அனுபவம்

எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்களைக் கரும்பலகையில் ஏணி மாதிரி வரைந்தே பத்து வருஷம் பாடம் எடுத்தேன். போன மாசம் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் இந்த நிறமாலைகாட்டியை வாங்கி ஹைட்ரஜன் விளக்கைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. கும்மிருட்டில் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் செக்கச்செவேலென்று ஒரு கோடு: எலக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது விடும் ஒளி அது. 486-இல் நீலப்பச்சை, அது நான்கிலிருந்து இரண்டுக்கு. 1913-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Bohr) போட்ட கணக்கு கண்ணெதிரே நிற்கிறது! 434-இல் உள்ள ஊதாவுக்கு மட்டும் ஜன்னலையெல்லாம் அடைக்க வேண்டும்.

குறையும் உண்டு. ஒளி நுழையும் பிளவு அகலம், அதனால் சோடியத்தின் 589.0, 589.6 கோடுகள் இரண்டும் ஒரே மஞ்சள் கோடாகத்தான் தெரிகின்றன. அளவுகோலும் இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாக வாங்கலாம். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள்.