மடக்கு மேசையும் ரசம் ஓடும் திசையும்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கியிருக்கும் நண்பன், ஹாலில் சுவரோடு மடங்குகிற சாப்பாட்டு மேசை போடலாமா என்று கேட்டான். எங்கள் வீட்டில் இருக்கும் அதே மாதிரி மேசையை ஆசாரி மறுபடியும் வந்து பழுது பார்த்துவிட்டுப் போன கையோடு கேட்டதால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

அளவும் விலையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னுடையது மூன்றடிக்கு இரண்டடி, 19 மி.மீ. தடிமனில் தண்ணீர் தாங்கும் 710 ரகப் பிளைவுட், மேலே மைக்கா, அடியில் மடங்கும் பிராக்கெட் இரண்டு. நான் சொல்ல வந்தது ரசத்தைப் பற்றி.

அழகாபுரத்தில் எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. மேசையில் வாழையிலை போட்டு, சாதத்தில் குழி பண்ணி ரசம் விட்டால் அது சுவர்ப் பக்கம் போகாது, பக்கவாட்டிலும் போகாது. நேராக நம் மடியைப் பார்த்துத்தான் வரும். கண்ணுக்கு மேசை மட்டமாகவே தெரியும். ஆசாரி ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதுதான் வெளி விளிம்பு அரை அங்குலம் இறங்கியிருப்பது தெரிந்தது. முடுக்கினால் சில வாரம் சரியாக இருக்கும், அப்புறம் பழையபடி இறங்கிவிடும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் இலைச் சாப்பாடு தரையில்தான். மேசையில் என்றால் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு.

"மேசை மேல குத்தமே இல்லீங்க சார், செவுரு தானுங்க ஸ்குரூவப் புடிக்க மாட்டேங்குது" என்றார் ஆசாரி. நியாயமான பேச்சு. எங்கள் உள்சுவரெல்லாம் ஏஏசி பிளாக் என்கிற இலேசான கான்கிரீட் கல். செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. கட்டுகிறவருக்கு வேலை சீக்கிரம் முடியும், வெயில் காலத்தில் நமக்கும் சூடு குறைவு. ஆனால் ஸ்குரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சாதாரண ரால் பிளக்கை அதில் அடித்தால் ஸ்குரூ இறுக இறுகச் சுற்றியுள்ள பிளாக் மாவாகிவிடும். போட்டோ ஃபிரேம் என்றால் தாங்கும். மேசை தாங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுவரிலிருந்து 24 அங்குலம் தள்ளி முனையில் 10 கிலோ அழுத்துகிறது, பிராக்கெட்டின் மேல் ஸ்குரூவுக்கும் கீழ் முனைக்கும் 10 அங்குலம்தான் இடைவெளி. மேல் ஸ்குரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்குகிற விசை 24 கிலோ. முழங்கையை ஊன்றிப் பேப்பர் படித்தாலே அவ்வளவு வந்துவிடும். எங்கள் மாமனார் ஊன்றியது முழங்கையை அல்ல. சீசனில் ஒரு கூடை மல்கோவாவைக் கொண்டுவந்து முனையில் வைத்தார். பிளக்கெல்லாம் வெள்ளைத் தூளோடு வெளியே வந்து விழுந்தன. மாம்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேசையை விற்ற கடையில் மைக்கா கலர் கேட்டார்கள், எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று கேட்டார்கள். என்ன சுவர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

ஏஏசிக்கென்றே வரும் நீள நைலான் பிளக் போட்டதில் பிடிப்பு கூடியது, சரிவு போகவில்லை. இப்போது ஆசாரி சுவரை ஊடுருவித் துளை போட்டு, பெட்ரூம் பக்கம் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறார். உருக்காலை இருக்கிற ஊரில் ஒரு பட்டைக்கா பஞ்சம்! அந்தப் பட்டையின் மேல் மாதக் காலண்டர் தொங்குகிறது. அழகு படுத்தத்தான் இத்தனையும் ஆரம்பித்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மேசையைக் குறை சொல்ல மனசு வராத ஒரு காலம் உண்டு. ஆடி மாரியம்மன் பண்டிகைக்குக் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை (சாமி வேடம் போட்டவர்கள் வரும் அலங்கார வண்டி ஊர்வலம்) பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். ராத்திரி மேசையை மடக்கிவிட்டால் சுவரிலிருந்து நான்கு அங்குலம்தான் துருத்தும், தரையில் வரிசையாகப் பாய் விரிக்கலாம். நாலு கால் மேசை வைத்த மாடி வீட்டுக்காரர் அதை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். பிளைவுட் வளையவில்லை, மைக்கா எங்கும் எழும்பவில்லை, கீலும் கத்துவதில்லை. சின்ன வீட்டுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான சாமான் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போல்ட் போட்ட பிறகும் நேற்று ரசம் மெதுவாக என் பக்கம் திரும்பிய மாதிரிதான் இருந்தது. மனைவி பிரமை என்கிறாள்.

போட்டே ஆக வேண்டும் என்றால், மேசைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த இடத்தில் டிரில்லை வைத்து ஒரு துளை போட்டுப் பார்க்கட்டும். தூள் சிவப்பாக வந்தால் செங்கல், தைரியமாக மாட்டலாம். சாம்பல் நிறமாக வந்து டிரில் திணறினால் கான்கிரீட்டோ ஃப்ளை ஆஷ் கல்லோ. மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊரில் ஃப்ளை ஆஷ் கல் சகஜம், அதுவும் பிடிக்கும். வெண்ணெயில் போவதுபோல் டிரில் வழுக்கிக்கொண்டு போய், மாவு மாதிரி வெளுத்த தூள் கொட்டினால் என்னிடம் பேசட்டும், ஆசாரி நம்பர் தருகிறேன்.