கொப்வெப்: பாட்டு ஷூட் எடுத்து நொந்த ஆக்கள் கட்டாயம் பாருங்கோ

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில ஃப்ரெண்டிட அனெக்ஸில இருந்து கொப்வெப் எண்ட கொரியன் படம் பாத்தம். 2023ல வந்தது, டைரக்டர் கிம் ஜீ-வூன், ஹீரோ சோங் காங்-ஹோ, பேரசைட்ல அப்பாவா வந்தாரே அவர்தான். ரெண்டு பேரும் 1998ல இருந்தே சேர்ந்து படம் செய்யுறாக்கள், இது அஞ்சாவது. பாத்த நாங்க மூண்டு பேரும் கொழும்புக்குள்ள ஆல்பம் பாட்டுகளுக்கு வீடியோ எடுத்துத் திரியிற ஆக்கள், அதால நடுநிலையா எழுதுவன் எண்டு நினைக்க வேண்டாம்.

கதை 1970கள்ல நடக்குது. டைரக்டர் ஒருத்தர் படத்தை எடுத்து முடிச்சிட்டார், பிறகு கனவில வேற முடிவு வந்திட்டுது, இன்னும் ரெண்டே ரெண்டு நாள் தாங்கோ இது மாஸ்டர்பீஸ் ஆகும் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறார். ப்ரொடியூசரம்மா ஏலாது எண்டுறா, நடிகர்மாருக்கு வேற ஷூட்டிங் இருக்கு, மாத்தின ஸ்கிரிப்டுக்கு சென்சார் அனுமதியும் இல்ல. அது தென்கொரியாவில சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயிட ஆட்சிக்காலம், ஸ்கிரிப்டையே முதல்ல அரசாங்கத்துக்கு காட்டோணும். கடைசியில சென்சார் ஆபீசரே செட்டுக்கு வந்து நிப்பார், அந்த இடமெல்லாம் சிரிச்சு சிரிச்சு வயிறு நொந்திட்டுது.

சிரிச்சாலும் எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சது. போன வருசம் ஒரு பாட்டு, எடிட் முடிஞ்சு தம்ப்நெயில் கூட செய்தாச்சு, இரவு ரெண்டு மணிக்கு எனக்கு ஞானம் வந்து முடிவை மாத்தோணும் எண்டு கெமரா மச்சானுக்கு கோல் எடுத்தா அவன் தூக்கத்தில கெட்ட வார்த்தையில ஏசினவன், ஆனா வந்தவன், விடிய அஞ்சரைக்கு மரைன் டிரைவில நிண்டம், ஹீரோயினுக்கு எட்டரைக்கு ஒபிஸ், மழை வேற, காசு போட்ட மாமா வொய்ஸ் மெசேஜில "தம்பி இனி சல்லி இல்ல" எண்டு மூண்டு தரம் அனுப்பிட்டார். பாட்டு வந்த பிறகு முதல் கொமெண்ட், ஹீரோட ஷர்ட் எங்க வாங்கினது எண்டு.

அதனாலதான் இந்தப் படம் பிடிச்சுது. டைரக்டரை மகான் ஆக்கேல்ல. அவருக்கு திறமை இருக்கா, இல்ல செத்துப்போன குருவிட நிழல்ல நிக்கிற ஆளா எண்ட சந்தேகம் கடைசி வரைக்கும் ஓடுது, சோங் காங்-ஹோ அதை முகத்திலயே வச்சிருக்கிறார். க்ளைமாக்ஸை கட் இல்லாம ஒரே ஷொட்ல எடுக்கோணும் எண்டு அடம்பிடிக்கிற இடம், செட்டில நெருப்பு, ஆக்கள் ஓடுறாங்க, கெமரா நிக்கக்கூடாது. நாங்க மூண்டு பேரும் மூச்சு விடேல்ல. எடுக்கிற படம் கறுப்பு வெள்ளையில வரும், செட்டில நடக்கிறது கலர்ல வரும், அதால குழப்பமில்ல.

குறை இருக்கு. படம் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல, நடுவில கொஞ்சம் இழுக்குது, நடிகர்மாரிட காதல் சிக்கல் எல்லாம் யார் யாரோட எண்டு எனக்கு பிடிபட லேட்டாச்சு. ஜியோன் யோ-பீன் டைரக்டர் பக்கம் நிண்டு சண்டை பிடிக்கிற கேரக்டர், நல்லா செய்திருக்கிறா, ஆனா கொஞ்சம் ஓவரா கத்துறா. புது முடிவு உண்மையிலயே பழசை விட நல்லமா எண்டதில எங்களுக்குள்ள சண்டை. கெமரா மச்சான் நல்லம் எண்டுறான், எனக்கு அப்பிடி தெரியேல்ல.

5க்கு 3.5. டப்பிங்ல பாக்காதீங்கோ, சப்டைட்டிலோட பாருங்கோ. கெமரா ஓடேக்க பழைய படம் மாதிரி நீட்டி முழக்கி வசனம் பேசுற அதே ஆக்கள், கட் எண்டதும் சாதாரணமா கதைக்கிறாங்க, கொரியன் தெரியாட்டியும் அந்த வித்தியாசம் காதுக்கு விளங்கும்.